சனிக்கிழமை இருமல்

மகனே,

சலாம். வழக்கமாக 'நான் நல்ல சுகம், உன் சுகத்துக்கு எழுதவும்' என்று தொடங்குவேன். இன்றும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு அடித்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சொல்லப்போகும் விஷயத்தின் முன்னால் அந்த வரி நிற்கக் கூசியது.

பெண் வீடு இருக்கும் ஏறாவூரிலிருந்து யாராவது நீ இருக்கும் திருகோணமலைக்கு வந்து, உன் வாப்பா உன் கலியாணத்தைக் குழப்பிவிட்டார் என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதில் பாதி உண்மை. நான் பெண் வீட்டுக்குப் போனேன். சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். பெண்ணின் வாப்பா கோபப்பட்டார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் உன்னிடமிருந்தே பதில் வரவேண்டும் என்கிறார், வேண்டுமா, வேண்டாமா. நீ அதற்குப் பதில் எழுதுவதற்கு முன், உன் உம்மா எப்படி இறந்தாள் என்பதை அறிந்திருக்க வேண்டும். முட்டு வருத்தம், மூச்சு இழுத்து இறந்தாள் என்று சொல்லியிருக்கிறேன். அப்போது உனக்குப் பதினொரு வயது. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நான் பத்து வருடம் ஒளிந்திருந்தேன்.

நீ கட்டப்போகும் பெண்ணை நீ பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஆனால் அவள் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். நாள் வைப்பதற்காக நானும் பள்ளிவாசல் மரைக்காரும் போன அன்று ஒரு சனிக்கிழமை. முன் அறையில் எங்களுக்குச் சர்பத் கொடுத்தார்கள். உள்ளே, சீலைத் திரைக்கு அப்பால், யாரோ இருமினார்கள். சளி இருமல் இல்லை. வறண்ட இருமல். ஒவ்வொரு இருமலின் முடிவிலும் மெல்லிய ஒரு கீச்சு, கதவின் இடுக்கில் காற்று புகுவது போல. அந்தக் கீச்சை நான் பத்து வருடமாகக் கேட்டதில்லை. கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தேன். 'மகளுக்கு இருமலா?' என்றேன். 'பனிதானே. ரெண்டு நாளையில போயிரும்' என்றார் அவள் வாப்பா. ரெண்டு நாளில் போய்விடும் என்பது உண்மைதான். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அந்த வீட்டின் பின்னால் தறிக் கொட்டில் இருக்கிறது. நான்கு குழித்தறி. காத்தான்குடியில் உன் உம்மாவின் வீட்டுக்குப் பின்னாலும் நான்கு இருந்தன. உனக்கு அது விளையாட்டிடம். நாடா ஓடும் சத்தத்துக்கு ஏற்ப நீ தலையாட்டுவாய். எனக்கு அது நான் வாழ வந்த வீடு. நம் பகுதியில் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடு அவளுடையது, அவளுக்கு முன் அவள் உம்மாவுடையது. நீயும் சீக்கிரம் அதை அறிவாய். கைப்பெட்டியுடன் உள்ளே போகிறோம். மரியாதையாக நடத்துகிறார்கள், நல்ல மீனை நமக்கு வைக்கிறார்கள். ஆனால் எந்தப் பொருள் எங்கே இருக்கவேண்டும் என்று சொல்கிற குரல் நம்முடையது இல்லை. ஒரு தறியை ஒரு முழம் நகர்த்தச் சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை. மனைவியை டாக்டரிடம் அழைத்துப்போகும் உரிமை இருந்தது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் உன் உம்மா இறந்தாள்.

உன் உம்மா நெய்யவில்லை. பாவுக்குக் கஞ்சி போடுவதும் நாடாவுக்குத் தார் நூல் சுற்றுவதும் அவள் வேலை. உனக்கு அது நினைவிருக்கும். தென்னைகளுக்கு இடையில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தோய்த்து, பிரஷ்ஷால் நீவி நீவிக் காயவிடுவார்கள். கஞ்சி புளித்திருக்க வேண்டும். புதுக் கஞ்சி போட்டால் நூல் வெடுக்கென்று அறும், புளித்த கஞ்சியில்தான் நூலுக்கு இழுவை வரும் என்பது அந்த வீட்டின் தொழில் முறை. அதற்காக ஒரு பெரிய பானை. அடியில் எப்போதும் பழைய கஞ்சி கிடக்கும். அதன் மேலேயே புதியதை ஊற்றுவார்கள். அந்தப் பானை ஒருநாளும் காலியானதில்லை. காய்ந்த பாவைத் தறியில் ஏற்றி அடிக்கும்போது வெள்ளையாகத் தூள் பறக்கும். கொட்டிலில் உள்ளவர்கள் எல்லோருக்கும் புருவம் நரைத்திருக்கும். உனக்கும்.

உன் உம்மாவுக்கு நெஞ்சு அடைக்கத் தொடங்கியது நீ நடக்கத் தொடங்கிய வருடத்தில். முதலில் இருமல். பிறகு கீச்சு. பிறகு தோள் இரண்டும் மேலே ஏறி இறங்க, குனிந்து உட்கார்ந்து, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் காத்திருப்பாள். ஒருநாள் சொன்னாள்: 'இஞ்ச பாருங்க, அந்தக் கஞ்சிப் பானையத் திறந்தா எனக்கு நெஞ்சு இறுகுது.' நான் கொழும்பில் விஞ்ஞானம் படித்தவன். இரண்டு வருடம்தான், ஆனாலும் படித்தவன். மகிழ்ந்துபோனேன். ஒரு கருதுகோள் கிடைத்துவிட்டது. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் நுண்காட்டியைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு, கண்ணாடியில் ஒரு சொட்டுப் புளித்த கஞ்சி வைத்துப் பார்த்தேன். கூட்டம். சிறு குச்சிகள், நெளிகிறவை, ஜோடியாக நிற்கிறவை. ஆங்கிலத்தில் பக்டீரியா என்று நாங்கள் படித்த கிருமிகள்.

'மாமி, வந்து பாருங்க. உங்கட பானைக்குள்ள எத்தன உயிர் எண்டு' என்றேன்.

உன் மூத்தம்மா, உன் உம்மாவின் உம்மா, வரவில்லை. தறிக் குழிக்குள் காலை வைத்தபடியே சொன்னார்: 'மருமகன், கொழும்புல படிச்சவங்களுக்குக் கஞ்சிக்குள்ள பூச்சி தெரியும். எங்களுக்குக் கஞ்சிதான் தெரியும். எங்கட கண்ணு சின்னன்.'

கொட்டில் முழுவதும் சிரித்தது. உன் உம்மாவும் சிரித்தாள், பிறகு இருமினாள். நான் விடவில்லை. பானையை ஊற்றிவிடச் சொல்லும் துணிவு வரவில்லை. அது மாமியின் பானை. அதனால் ஒரு நடுவழி கண்டுபிடித்தேன்: புளித்த கஞ்சியை நூலில் போடுவதற்கு முன் கொதிக்க வைக்கட்டும். கொதித்தால் கிருமி சாகும். செத்த கிருமி ஒன்றும் செய்யாது. மாமி யோசித்து, விறகு அவருடையது என்பதால் ஒருமுறை முணுமுணுத்து, ஒத்துக்கொண்டார். கொதித்த கஞ்சியில் ஒரு சொட்டை மறுபடி நுண்காட்டியில் வைத்தேன். ஒன்றும் அசையவில்லை. உன் உம்மாவைக் கூப்பிட்டு ஒரு கண்ணை மூடப் பழக்கிக் காட்டினேன். 'பாரு. எல்லாம் செத்திட்டு.'

அவள் நெடுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து, 'செத்திட்டுதான்,' என்றாள். 'ஆனா அங்கதானே கிடக்கு.'

நான் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். என் மனைவி செத்த கிருமிக்கும் பயப்படுகிறாள் என்று.

அவளுக்குக் குறையவில்லை. இனிக் குற்றம் கஞ்சியில் இல்லை என்று நான் முடிவுகட்டியாயிற்று. கஞ்சியை நான் சுத்தம் செய்துவிட்டேனே. எனவே குற்றம் அவளுக்குள். ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனோம். அந்தக் காலத்தில் பெரிய டாக்டர்கள் நம்பிய ஒன்று இருந்தது: உடலின் எங்கோ ஒரு மூலையில், பல்லின் வேரிலோ தொண்டைச் சதையிலோ, கிருமிகள் கூடு கட்டியிருக்கும், அவற்றின் நஞ்சு இரத்தத்தில் கசிந்துதான் முட்டு வருகிறது, கூட்டைக் கலைத்தால் முட்டுப் போகும். நானும் அதைப் பற்றிப் படித்திருந்தேன். அந்த டாக்டர் நல்ல மனிதர். நிதானமாகக் கேட்டார். எவ்வளவு காலம், பெற்றோருக்கு உண்டா, என்ன சாப்பிடுகிறார். பிறகு, 'உங்கள் மனைவி என்ன வேலை செய்கிறார்?' என்றார் ஆங்கிலத்தில்.

'வேலை ஒன்றுமில்லை. வீட்டில்தான் இருக்கிறாள்' என்றேன்.

மகனே, இந்த வரியை எழுத எனக்கு இவ்வளவு நேரம் எடுத்தது. ஏன் அப்படிச் சொன்னேன். நான் கழுத்துப்பட்டி அணிந்திருந்தேன். ஆசிரியர் என்று சொல்லியிருந்தேன். ஆசிரியரின் மனைவி கஞ்சித் தொட்டியில் முழங்கை வரை கை விட்டு நிற்கிறாள் என்று அந்த அறையில் சொல்ல வெட்கப்பட்டேன். அவ்வளவுதான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்து, நான் அவளுக்காகப் பேசுகிறேன் என்று புன்னகைத்தாள். டாக்டர் தன் தாளில் தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைவாய்ப் பற்கள் சிலவற்றின் வேரில் சீழ் இருந்தது. பிடுங்கினார்கள். காயம் ஆறும்வரை இரண்டு வாரம் கொழும்பில் ஓர் உறவினர் வீட்டில் தங்கினோம். அந்த இரண்டு வாரமும் உன் உம்மா மூச்சு விட்டாள். சாதாரணமாக, எல்லோரையும் போல. கடற்கரையில் என்னோடு நடந்தாள். படியேறினாள். கீச்சு இல்லை. நான் வெற்றிகொண்டவன் போல் ஊருக்குக் கடிதம் எழுதினேன். பற்கள்தான் காரணம் என்று. அந்த இரண்டு வாரமும் அவள் தறிக் கொட்டிலுக்கு இருநூறு மைல் தூரத்தில் இருந்தாள் என்பது என் தலையில் ஏறவில்லை.

ஊருக்கு வந்து மறுபடி பாவில் கை வைத்தாள். முதல் வாரத்திலேயே முட்டு வந்தது, முன்னைவிடக் கடுமையாக. நான் சோர்ந்தேனா. இல்லை. தர்க்கம் தெளிவாக இருந்தது: சில பற்களைப் பிடுங்கினோம், சில நாள் சுகம், மிச்சப் பற்களில் மிச்சக் கிருமி. மறுபடி ரயில். மறுபடி இரண்டு வாரச் சுகம். மூன்றாவது தடவையோடு அவள் வாயில் ஒரு பல்லும் இல்லை. வயது இருபத்தேழு.

'என்ட மகள்ட வாய்க்குள்ள என்னத்தத் தேடுறாங்க, அந்தக் கொழும்பில?' என்று உன் மூத்தம்மா கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, தறியிடம் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

அப்போது உனக்கு ஏழு வயது. உன் முன் பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. உன் உம்மா உன்னை மடியில் வைத்து உன் வாயைத் திறந்து காட்டினாள், பிறகு தன் வாயையும். 'ரெண்டு பேருக்கும் ஒண்டா விழுந்திட்டு. மனே, நீ யோசியாத. உனக்கு முளைக்கும்.' நீ அதைப் பெரிய பகிடியாக எடுத்துக்கொண்டு சிரித்தாய். நான் வெளியே போய்க் கிணற்றடியில் நின்றேன். அப்போதும் நான் செய்தது சரி என்றே நினைத்தேன். சரியானதைச் செய்ததால் வந்த துக்கம் என்று நினைத்தேன்.

பிறகு ஊசி. அவளுடைய சளியையே சிறு போத்தலில் அனுப்பினோம். அதிலிருந்த கிருமிகளை வளர்த்து, கொன்று, மருந்தாக அனுப்பினார்கள். அவளுடைய கிருமியே அவளுக்கு மருந்து. வாரத்துக்கு ஒன்று. ஊசி போட்ட கை வீங்கும், மாலையில் காய்ச்சல், சில நாள் இழுப்பும் வரும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது என்றார்கள். அவள் நெற்றியில் கை வைத்து அந்த அடையாளத்தைக் கண்டு நிம்மதியடைந்தவன் நான். இப்போது நீ கேட்கலாம். நானும் என்னைக் கேட்கிறேன். செத்த கிருமி ஒன்றும் செய்யாது என்றால், அந்தக் கண்ணாடிக் குப்பியில் இருந்தது என்ன. அது ஏன் அவள் கையை வீங்க வைத்தது. கேள்வி என் விரல்களுக்கு இடையில் இருந்தது. நான் அதை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

டாக்டருக்காக ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருந்தேன். முட்டு வந்த தேதி, அன்று சாப்பிட்டது, காற்று வாவிப் பக்கமா கடல் பக்கமா, மழையா. எல்லாம் ஆங்கிலத்தில், சுத்தமான கையெழுத்தில். கிழமையை மட்டும் எழுதவில்லை. தேதி போதும் என்று நினைத்தேன். அவள் பலமுறை சொன்னாள்: 'ஜும்ஆ கழிஞ்ச மறுநாள்தான் எனக்குக் கூட. ஞாயிறு, திங்கள் கொஞ்சம் குறையும்.' அவளுக்குத் தேதி தெரியாது, கிழமை தெரியும். நான் அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை. முட்டுக்கு நாட்காட்டி தெரியுமா என்று கேட்டேன். நகைச்சுவை என்று நினைத்து.

அவள் இறந்து ஏழு வருடம் கழித்து ஓர் இளம் டாக்டர் இந்தப் பக்கம் மாற்றலாகி வந்தார். உலகச் சண்டை தொடங்கியிருந்த காலம். வாசகசாலையில் பழக்கம். ஒருநாள் பேச்சுவாக்கில் உன் உம்மாவைப் பற்றிச் சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவர் கேட்ட முதல் கேள்வி, 'தறி வீடா?' ஆம் என்றேன். அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். சில கிருமிகளின் நஞ்சு அவற்றின் உடம்போடு ஒட்டியிருக்கிறது. உயிரோடு இருக்கும்போது அது கட்டுக்குள் இருக்கும். செத்து உடைந்தால்தான் வெளியே வரும். கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாது. அழுக்குப் பஞ்சில், ஈர நூலில், புளித்த மாவில் அவை கோடிக்கணக்கில் வளர்கின்றன. காய்ந்தபின் தூளோடு நெஞ்சுக்குள் போகின்றன. எல்லோருக்கும் ஒன்றும் செய்வதில்லை. சிலருக்கு மூச்சுக் குழாய் இறுகிவிடுகிறது. ஓய்வு நாளில், நம் தறிகளுக்கு அது வெள்ளிக்கிழமை, உடம்பு அதை மறந்திருக்கும், மறுநாள் கொட்டிலுக்குள் நுழைந்ததும் அதிர்ந்துபோகும். பஞ்சாலைகளில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்றார். 'எனக்கும் நிச்சயமில்லை, மாஸ்டர். ஆனால் நான் என்றால் முதலில் கொட்டிலைத்தான் பார்த்திருப்பேன்.'

அறைக்கு வந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். தலைமை ஆசிரியரிடம் பழைய நாட்காட்டிகள் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தேதிக்கும் கிழமை எழுதினேன். சனி. சனி. ஞாயிறு. சனி. பக்கத்தின் பாதியில் பென்சிலை வைத்துவிட்டேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு அவதானி, அவதானி என்று சொல்லிக்கொடுப்பவன் நான். இரண்டாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண் அவதானித்து, கணக்கிட்டு, விடையையும் சொல்லிவிட்டாள். என் மொழியில் சொல்லவில்லை என்பதுதான் குறை.

இது நிரூபணம் இல்லை, மகனே. அவளுக்கு வேறு ஏதாவது இருந்திருக்கலாம். பற்களில் சீழ் இருந்ததும் உண்மை. கொட்டிலைவிட்டு அவளை வெளியே எடுத்திருந்தால் இன்று இருப்பாளா என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் நான் அவள் வாயைக் காலியாக்குவதற்கு முன் ஒரு பானையைக் காலியாக்கிப் பார்த்திருக்கலாம்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் ஏறாவூருக்கு மறுபடி போனேன். துணி விலை விசாரிக்க வந்தவன் போல ஒரு செவ்வாய்க்கிழமை. திரைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது, இருமல் இல்லை. அடுத்த சனிக்கிழமை போனேன். இருமல் இருந்தது. கொட்டிலைப் பார்க்கலாமா என்று கேட்டேன். சண்டை வந்த பிறகு நல்ல நூல் கிடைப்பதில்லை. அடுக்கில் கிடந்த நூல் ஈரம் பிடித்து, கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. மூலையில் பானை. மூடியைத் திறந்தேன். அந்த நாற்றம் உனக்கும் தெரியும்.

'மாஸ்டர்,' என்றார் பெண்ணின் வாப்பா. 'நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, பான பாக்க வந்தீங்களா?'

நான் சொன்னேன். நன்றாகச் சொல்லவில்லை. பாடம் நடத்துவது போலச் சொன்னேன். கிருமி, நஞ்சு, சனிக்கிழமை. அவர் முகம் மெல்ல மெல்ல இறுகியது. அவருக்குக் கேட்டது ஒரே ஒரு செய்தி: இந்த வீட்டுப் பெண்ணுக்கு முட்டு. அந்த வார்த்தை வெளியே போனால் அவளுக்கு மட்டுமல்ல, அவளுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு தங்கைகளுக்கும் மாப்பிள்ளை வரமாட்டார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் பேசினேன்.

'எங்கட புள்ளைக்கு வருத்தம் எண்டு ஊருக்குச் சொல்லப் போறீங்க, அதுதானே. கலியாணம் வேணாமெண்டா நேராச் சொல்லுங்க. பானையில பழி போடாதீங்க.'

'வேணாமெண்டு சொல்ல வரல்ல. வேணும். அதுதான் சொல்றன்.'

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அவள் பேசினாள். கலியாணம் பேசிய பெண் மாமனார் முன்னால் பேசுவதில்லை. அவள் பேசினாள். 'வாப்பா, அவங்க சொல்றது மெய்தான். சனிக்கிழமையிலதான் எனக்கு...' இருமல் வந்து மிச்சத்தை எடுத்துக்கொண்டது. 'நீ உள்ள போ புள்ள,' என்றார் அவர். உள்ளே காலடி போவது கேட்டது. பிறகு என்னைப் பார்த்து, 'உங்கட மகன் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை வரை பாப்பம். மறுகா எங்கட பாட்ட நாங்க பாக்கிறம்' என்றார்.

நான் தனியாக இருப்பதால் உன்னை விட மனமில்லாமல் இதைக் கிளப்பினேன் என்று நீ நினைக்கலாம். நீ அந்த வீட்டுக்குப் போனபின், உன் உம்மாவுக்குப் பிறகு நாம் குடிவந்த இந்த வாடகை அறையில் நான் ஒருவன்தான். உண்மை. சனிக்கிழமை இருமலைக் கேட்டபோது, ஒரு கணம், கலியாணம் நின்றுபோனால் நீ இங்கேயே திரும்பி வருவாய் என்ற நினைப்பும் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் நான் கேட்பது அதுவல்ல. அவளைக் கட்டு. தன் வாப்பாவுக்கு முன்னால் உண்மை சொல்ல வாயைத் திறந்த பெண்ணை விட்டுவிடாதே. முட்டு உள்ள பெண் வேண்டாம் என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு நான் சொன்னதில் எதையும் சொல்லாதே.

கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனபின் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். அவளை டாக்டர்களிடம் அழைத்துக்கொண்டு ஓடாதே, முதலில் பானையை எடு. உனக்கு உரிமை இல்லை என்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் பத்து வருடம் நல்ல மருமகனாக இருந்தேன். நீ கெட்ட மருமகனாக இரு. அன்றன்றைக்குக் காய்ச்சிய கஞ்சி, மீந்ததைக் கொட்டு, பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வை. நூல் அறும், அறட்டும். ஈர நூலைக் கொட்டிலுக்குள் விடாதே. கொட்டிலின் வாவிப் பக்கத் தென்னோலைக் கிடுகைப் பிரித்துக் காற்று வரவிடு. அப்போதும் குறையவில்லை என்றால் கஞ்சி வேலையை நீயே செய். மாப்பிள்ளை கஞ்சி கிண்டுகிறார் என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறப்பார்கள். யாராவது டாக்டர் மனைவி என்ன வேலை என்று கேட்டால், முழுதாகச் சொல். எந்த நாளில் எதைத் தொட்டாள் என்பது வரை சொல். தெரியாவிட்டால் அவளைக் கேட்டுச் சொல்.

இனி மிச்சம் ஒன்று. உன் உம்மாவின் கடைசிக் காலை. அது மாரிக்காலம். வாவி நிறைந்து, முற்றம் வரை ஈரம். மழையால் பாவைக் கொட்டிலுக்குள்ளேயே கட்டியிருந்தார்கள், தட்டிகளையும் இறக்கிவிட்டிருந்தார்கள். நான் சனிக்கிழமை விசேஷ வகுப்பில் இருந்தேன். ஆள் வந்து சொன்னதும் ஓடிவந்தேன். நீ குர்ஆன் மத்ரசாவில் இருந்தாய். அவளைக் கொட்டிலிலிருந்து முன் அறைக்குத் தூக்கி வந்து, சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். உதடு நீலம். என்னைக் கண்டதும் கையை உயர்த்தினாள். அருகில் போனேன். ஏதோ சொல்ல வந்தாள். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது, அந்த மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். 'இஞ்ச பா...' என்றாள்.

நான் அவள் வாயின் மேல் விரல் வைத்தேன். அன்பாகத்தான். 'பேசாத. மூச்சு வாங்கும். பொறகு சொல்லு' என்றேன்.

அவள் கேட்டுக்கொண்டாள். நான் சொல்வதை எப்போதும் கேட்பாள். வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன் முடிந்துவிட்டது. என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியாது. உன்னைப் பற்றியா, கஞ்சியைப் பற்றியா, தண்ணீர் வேண்டுமென்றா. பத்து வருடமாக அந்த வார்த்தையின் மிச்சத்தை நான் ஒவ்வொரு விதமாக முடித்துப் பார்க்கிறேன்.

அந்தப் பெண் உன்னிடம் பேச வரும்போது அவளுக்கு மூச்சு வாங்கும். வாங்கட்டும். பாதியில் நிற்கும். நிற்கட்டும். நீ அவளுக்காக முடித்துவைக்காதே. அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திரு.

உன் வாப்பா